டியூப்பில் ஓடிய நிறம்

செந்துறை
9.6.2024

என் மஞ்சுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, வயிற்றில் பிள்ளை அசைகிறதா? முதலில் இதற்குப் பதில் எழுது. மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகம்தானே? இங்கே நான் நன்றாக இருக்கிறேன்.

உன் மாமாவை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். டிராக்டர் டிப்பர் பின்னால் உருண்டு கெண்டைக்காலைக் கிழித்தபோது தையல் போட்டால் ஆறிவிடும் என்றுதான் நினைத்தோம். சர்க்கரை உடம்பு, சீழ் பிடித்துவிட்டது. கெட்ட சதையையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்க்கலாம், அவ்வளவு பள்ளம்.

அதற்குத்தான் ஒரு மெஷின் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். புண்ணுக்குள் கறுப்பு ஸ்பாஞ்சு வைத்து, மேலே கண்ணாடி போன்ற தாளை ஒட்டி, அதிலிருந்து ஒரு டியூப் மெஷினுக்குப் போகிறது. மெஷின் ராவும் பகலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புண்ணில் ஊறும் நீர் டியூப் வழியாக ஒரு டப்பாவில் வந்து சேரும். இப்படி உறிஞ்சினால் உள்ளே சதை சீக்கிரம் வளருமாம். திங்களும் வியாழனும் அரியலூர் கிளினிக்கில் போய் ஸ்பாஞ்சு மாற்ற வேண்டும். எல்லாம் விவரமாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நீ கவலைப்படாதே.

ஃபோனில் மெசேஜ் போட்டால் போதாதா என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே ஃபோன். அது உன் மாமா கையில் இருக்கும், இல்லாவிட்டால் கொழுந்தன் மதுரைவீரன் கையில். நாம் பேசுவது நம்மோடு இருக்கட்டும். காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலிலிருந்து உனக்கு எழுதிப் பழகிய கை, இன்னும் அதுதான் எனக்குச் சுலபம்.

அன்புடன்,
உன் அக்கா வேணி


சிறுவாச்சூர்
14.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மஞ்சுவின் வணக்கம். பிள்ளை நன்றாக அசைகிறது, நான்தான் அசையக் கூடாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். பிரசவம் வரை படுக்கையில்தான் இருக்க வேண்டும், பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருந்துக்கடை வேலைக்கும் போகவில்லை. வீட்டுக்காரர் சின்ன வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருக்கிறார். மாமியார்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். இல்லாவிட்டால் இந்நேரம் உன் வீட்டு வாசலில் நிற்பேன்.

அக்கா, எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். மாமாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரே, அது அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரியுமா? திறந்த புண்ணில் மெஷின் வைத்து உறிஞ்சும்போது அந்த மாத்திரையும் உள்ளே போனால் ரத்தம் கசியலாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது. தாள் எங்காவது பிரிந்து காற்றுப் போனாலும், டியூப் அடைத்தாலும், டப்பா நிறைந்தாலும், சார்ஜ் இறங்கினாலும் அந்த மெஷின் கூவும். அது கூவினால் உன் வீட்டில் யார் கேட்பது? மாமா தூங்கினால்?

மறக்காமல் எழுது. உன் கை கால் வலி எப்படி இருக்கிறது?

என்றும் உன் தங்கை,
மஞ்சு


செந்துறை
23.6.2024

என் மஞ்சுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படுக்கை என்றால் படுக்கைதான், கேட்டுக்கொள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டாய் என்று தெரிந்தால் நான் சும்மா விடமாட்டேன். கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படு.

இங்கே முந்திரிக் காட்டில் இந்த வருஷம் காய்ப்பு போதாது. கடலை போட்டிருக்கிறோம், மழைதான் வர வேண்டும். கொழுந்தன்தான் உழுகிறான். ஸ்பாஞ்சு மாற்றும்போது நானும் எட்டிப் பார்த்தேன். முன்பு சாம்பல் பூத்த மாதிரி கிடந்த இடம் இப்போது மாதுளை முத்து போலச் சிவந்து, சின்னச் சின்னதாகச் சதை எழும்புகிறது. பார்க்க எனக்கு அருவருப்பே இல்லை, சந்தோஷமாக இருந்தது. உன் மாமா கம்பு ஊன்றி நடக்கிறார். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடை வரை போய் வருகிறார். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற ஆளா அவர்?

மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இந்தப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணி துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


சிறுவாச்சூர்
27.6.2024

அக்கா,

நான் சுகம், பிள்ளை சுகம். நீ எழுதிய மூன்று பக்கத்தில் நான் கேட்ட இரண்டுக்கும் பதில் இல்லை. முந்திரியைப் பற்றி நீ எழுத ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா உன்னை?

எங்கள் கடைக்கு வரும் சர்ஜன் ஒருவரிடம் ஃபோனில் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டியூப்பில் வெளிறிய சிவப்பாகத் தண்ணீர் போனால் பயமில்லை. பச்சை ரத்தமாக, பளிச்சென்று சிவப்பாக ஓடினால் உடனே மெஷினை நிறுத்த வேண்டும். ஸ்பாஞ்சைப் பிடுங்கக் கூடாது, தாளைப் பிரிக்கக் கூடாது. மேலேயே துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். அப்புறம், மெஷின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் அந்த ஸ்பாஞ்சை உள்ளே விட்டு வைக்கக் கூடாது. உறிஞ்சாத ஸ்பாஞ்சு மூடிய புண்ணுக்குள் ஊறினால் கிருமி பெருகும். கிளினிக்கில் போய் மாற்றிவிட வேண்டும்.

இதெல்லாம் உனக்கு ஏற்கெனவே சொன்னார்களா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

மஞ்சு


செந்துறை
5.7.2024

மஞ்சு,

இல்லை.

யாரும் என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும் அன்று ஒரு நர்ஸம்மா மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் மாஸ்க். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மதுரைவீரன் அவரிடம் ஏதோ சொன்னான். அவன் உதட்டைப் பார்த்தேன். "அண்ணிக்குக் காது கேக்காதுங்க. என்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். உடனே நர்ஸம்மா அவன் பக்கம் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அவருடைய கொண்டையும் தோளும்தான். கடைசியில் திரும்பி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், சரிதானே என்பது போல. நான் தலையை ஆட்டினேன். என்ன சரி என்று கேட்காமலே ஆட்டினேன். ஏழு வயதில் காய்ச்சல் வந்து காது போனதிலிருந்து இந்தத் தலையாட்டல் எனக்குப் பழகிவிட்டது. கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது, 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்க வாய் வருவதில்லை.

மதுரைவீரன் காலையில் வயலுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருகிறான். மாத்திரைக்குத் தண்ணீர் கொடுப்பதும் டப்பா மாற்றுவதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன் மாமா டீக்கடையிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் கட்டிலில் படுத்திருந்தார். மெஷினை நகர்த்தி வைக்கலாம் என்று எடுத்தேன். ஓடும்போது அது கைக்குள் குருவி இருப்பது போலத் துடிக்கும். துடிக்கவில்லை.

"எப்ப நிறுத்துனீங்க?" என்று எழுப்பிக் கேட்டேன்.

"காத்தாலயே. டீக்கடையில நொய்நொய்னு கூவிக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறானுங்க."

"வூட்டுக்கு வந்து போட்டிருக்கலாமுல்ல?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் வந்தால் அப்படித்தான். முகத்தைத் திருப்பிவிட்டால் என்னோடு பேச்சு முடிந்தது. நான் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"ஒனக்கென்ன, கேக்குதா? கேக்குறவனுக்குத்தான் அந்த இம்சை தெரியும்" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எட்டி மெஷின் சுவிட்சைப் போட்டார். உன் கடிதம் இடுப்பில் செருகியிருந்தது. இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, கிளினிக் போகலாம் என்றேன். "போனா மறுபடியும் படுக்கப் போட்டுருவானுங்க. என்னால முடியாது" என்றார். வியாழக்கிழமை ஸ்பாஞ்சை எடுத்தபோது நாற்றம். மெஷின் ஓடியதா என்று நர்ஸ் கேட்டதற்கு, "ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுங்க" என்று மதுரைவீரன் சொன்னான். அவனுக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்த நான் சுவர் ஓரமாக நின்றேன்.

உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். படுத்திருக்கிற உன் தலையில் இதையும் ஏன் ஏற்றுவது என்று. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்? என்ன செய்யட்டும்?

அக்கா


சிறுவாச்சூர்
8.7.2024

அக்கா,

என்னைப் பற்றி யோசிக்காதே. எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கெடுதல்.

அடுத்த முறை கிளினிக்கில் சுவர் ஓரமாக நிற்காதே, நீயே முன்னால் போய்ப் பேசு. மாமாவின் எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போ. நர்ஸிடம், எனக்குக் காது கேட்காது, உங்கள் உதட்டைப் பார்த்தால் புரியும், மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லுங்கள் என்று கேள். மெஷின் நின்று கிடந்ததையும் சொல்லிவிடு. மாமா கோபித்தால் கோபிக்கட்டும். அவர் கோபம் ஆறும், கால் போனால் வருமா?

நீ வாய் திறந்தால் உன் குரலைக் கேட்டு யாராவது சிரிப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து பயப்படுகிறாய். உன் குரல் எனக்குத் தெரியும். கொஞ்சம் கட்டையாக இருக்கும், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். அம்மா போன பிறகு எனக்குப் பிடித்த குரல் அது ஒன்றுதான்.

போய் வந்து எழுது.

மஞ்சு


சிறுவாச்சூர்
22.7.2024

அக்கா, சுகமா? மாமா சுகமா?

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் இந்தத் தெருவில் நுழைந்தாலே மாமியார் என் முகத்தைப் பார்க்கிறார். பொறுக்க முடியாமல் மாமா நம்பருக்கு மெசேஜ் போட்டேன். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று பதில் வந்தது. அது உன் எழுத்து இல்லை. நீயாக இருந்தால் அதோடு நிறுத்தியிருக்கமாட்டாய், என் கால் வீக்கத்தைக் கேட்டிருப்பாய். கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

அவர் லோடு இறக்கிவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறார். வந்ததும் அங்கே அனுப்புகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் கிடைத்தால், எதுவாக இருந்தாலும் எழுது. என் மேல் கோபமா? பேசச் சொன்னதால் ஏதாவது ஆகிவிட்டதா?

மஞ்சு


அரியலூர்
2.8.2024

என் கண்ணு மஞ்சு,

முதலில் இதைப் படி. உன் மாமா பிழைத்துக்கொண்டார். கால் இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனாரே, பாதி சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, "அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத, நல்லா இருக்கோம்னு போடு" என்று மதுரைவீரனிடம் நான்தான் சொன்னேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

நீ சொன்னபடி கிளினிக்கில் நானே முன்னால் போனேன். அங்கே சக்தி என்று ஒரு நர்ஸ். நான் பேச ஆரம்பித்ததும் என் குரல் எப்படி வந்ததோ தெரியாது, வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சக்தி சிரிக்கவில்லை. என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூட்டிப் போய், மாஸ்க்கை இறக்கி, மெதுவாகச் சொன்னார். மாத்திரை அட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சர்க்கரை மட்டும்தான் என்று மதுரைவீரன் சொல்லியிருக்கிறான், நெஞ்சு வைத்தியம் வேறு ஊரில் பார்த்ததால் அவனுக்கு நினைவில்லை. டாக்டரைக் கூட்டி வந்தார். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, நெஞ்சு டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன், அதுவரை உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கிறேன், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்றார். அந்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. உன் மாமா கட்டிலில் கண் அசந்திருந்தார். அன்று வயலுக்குப் போகாததால் மதுரைவீரன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். டியூப்பைப் பார்த்தேன். காலையில் வெளிறிப்போன ரோஜா நிறத்தில் இருந்தது. இப்போது குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல ஓடுகிறது. டப்பா பாதிக்கு மேல் ரத்தம்.

மெஷினை நிறுத்தினேன். தோளில் கிடந்த துண்டை மடித்து, தாளின் மேலேயே வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். கத்தினேன். என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. மதுரைவீரன் கையிலிருந்து ஃபோன் விழுந்ததைப் பார்த்தேன். உன் மாமா எழுந்து பார்த்துவிட்டு, "மருந்துத் தண்ணிடி அது, வுடு" என்றார். அவர் உதடு வெளுத்திருந்தது.

"108-ஐக் கூப்புடு" என்றேன். மதுரைவீரன் ஓடினான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் கையை எடுக்கவில்லை. ஏறி வந்த பையன் என் கைகளின் மேல் தன் கையையும் வைத்து அழுத்தினான். செந்துறையிலிருந்து அரியலூர் வரை அப்படியே வந்தேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வேறு ஆள் வந்து கையை வைத்த பிறகுதான் விட்டேன். விரல்களை நீட்ட முடியவில்லை. புண்ணின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் கசிந்ததாம். கட்டிவிட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள்.

மஞ்சு, ஒன்று எழுத வேண்டும். மறுநாள் மதுரைவீரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் என்னிடம் நேராகப் பேசுவது அபூர்வம். அன்று முகத்தை எனக்குக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "அண்ணி, மெஷின் கூவவே இல்ல. நான் அங்கயேதான் இருந்தேன். ஒரு சத்தமும் வரல. வந்திருந்தா கேட்டிருப்பேன்."

டாக்டரிடம் கேட்டேன். காற்றுப் போனால் கூவும், அடைத்தால் கூவும். டியூப்பில் ஓடுவது நீரா ரத்தமா என்று அந்த மெஷினுக்குத் தெரியாதாம். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் கேட்க முடியாத சத்தத்தை நினைத்தே இத்தனை நாள் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இப்போதும் கண்ணை மூடினால் அந்த நிறம்தான் வருகிறது. பகலில் பரவாயில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

உன் அக்கா வேணி


சிறுவாச்சூர்
6.8.2024

அக்கா,

படித்துவிட்டு அழுதேன். மாமியார் பயந்துபோய் டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்யப் போய்விட்டார். எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. உன்னைத் திட்டவும் மாட்டேன்.

உன் விரல்கள் சரியாகிவிட்டனவா? மாமாவுக்கு ரத்தம் ஊறுகிறதா? மறுபடியும் அந்த மெஷினை வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களா? அப்படி அனுப்பினால் இந்த முறை யாரிடம் சொல்லி அனுப்பப் போகிறார்கள்?

மஞ்சு


செந்துறை
19.8.2024

மஞ்சுவுக்கு மாமா குருநாதன் எழுதுவது.

நலம். உன் நலமும் சகலையின் நலமும் அறிய ஆவல். நான் கடிதம் எழுதி வெகு காலம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்கா கடலை வயலுக்குப் போயிருக்கிறாள். நீ கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன் என்று சொல்லி, உன் கடிதத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்தோம். நெஞ்சு டாக்டரும் இவர்களும் பேசி மாத்திரையை மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் மெஷின் இல்லாமல் வெறும் கட்டு. பிறகு மறுபடி வைத்து, ஆஸ்பத்திரியிலேயே சில நாள் பார்த்து, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸில் எனக்குப் பாதி நினைவுதான் இருந்தது. வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் வேணி முழங்காலை என் கட்டிலில் முட்டுக் கொடுத்துக்கொண்டு அழுத்தினாள். அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. நான் ஏதாவது சொல்லிவிடப் போகிறேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தன. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும் அன்று ஒரு புது நர்ஸ் மெஷினோடு வந்தார். மதுரைவீரனைப் பார்த்து, "நீங்கதான் கூட இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். அவன் வேணியைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்.

"எங்ககிட்ட சொல்லாதீங்கம்மா. அவங்ககிட்ட சொல்லுங்க. இந்தப் பக்கமா வந்து நின்னு, முகத்தப் பாத்து."

நர்ஸ் சுற்றி வந்து வேணிக்கு எதிரே நின்றார். மாஸ்க்கை இறக்கினார். சார்ஜர், டப்பா, தாள், டியூப், ரத்தம் வந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்சம் வேகமாகத்தான் சொன்னார். வார்டில் ஆட்கள் நிறைய, எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

வேணி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை.

"இல்லங்க. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.